சோக் கம்பி ஏன் சுட்டது?

அன்றைக்குச் சோக் குமிழைத் தொட்டதும் விரல் சுட்டது. வெயிலில் நின்ற வண்டி இல்லை. மார்கழி மாதம், காலை ஆறரை மணி, ராத்திரி முழுக்கப் போர்டிகோவுக்குள் நின்ற வண்டி. என்ஜின் அதுவரை ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. நாலைந்து முறை செல்ஃப் அடித்திருந்தேன், அவ்வளவுதான். அப்புறம் டேஷ்போர்டில் இருக்கிற குமிழ் எப்படிச் சுடும்?

இந்தக் கேள்வியை அன்றைக்கே யாரிடமாவது கேட்டிருந்தால் மூன்று மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அவசரத்தில் கையை உதறிவிட்டு மறுபடியும் செல்ஃப் அடித்தேன்.

வண்டி அப்பாவுடையது. அம்பாசடர் மார்க் 2, 1972 மாடல். 1981-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். மேற்கு வங்கத்து உத்தரபாராவில் செய்த வண்டி. அதன் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3. 1489 சிசி பெட்ரோல் என்ஜின், டைனமோ, பாயிண்ட் செட், எஸ்யூ கார்புரேட்டர். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றைப் போல எங்கள் வண்டியும் பாசிட்டிவ் எர்த்து. பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அப்பா போன பிறகு விற்றுவிடலாம் என்றுதான் வீட்டில் பேச்சு. எனக்கு மனசு வரவில்லை. ஒரு தொகை செலவழித்து, என்ஜினை இறக்கி, டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடித்துக் கொண்டுவந்து நிறுத்தினேன். வண்டி பளபளவென்று வந்தது. அதோடு இந்த வியாதியும் வந்தது.

செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றும். ஆனால் மூட்டு வலிக்காரர் படி ஏறுகிற மாதிரி, ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று யோசித்துச் சுற்றும். நல்ல அம்பாசடர் செல்ஃபில் ஒரு தாளம் உண்டு. நாலு சிலிண்டரும் வரிசையாக அழுத்தம் வாங்கி விடுவது காதுக்குத் தெரியும். இதில் முதல் அழுத்தத்தில் தொய்ந்து, இரண்டாவதில் இன்னும் தொய்ந்து, மூன்றாவதில் நின்றேவிடும். பத்து முறை முயன்றால் ஒரு முறை பிடிக்கும். பிடித்துவிட்டால் தங்கமாக ஓடும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பேட்டரி. கடையில் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்து 'வீக்கா இருக்குங்க' என்றார்கள், மாற்றினேன். இரண்டு நாள் தேவலை மாதிரி இருந்தது, பிறகு பழையபடி. அடுத்து நாலு பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், இக்னிஷன் காயில். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். ஒரு பட்டறையில் 'என்ஜின் டைட்டா இருக்கு, ஓட ஓட சரியாயிடும்' என்றார்கள். ஒரு இடத்தில் மெதுவாகச் சுற்றுவதற்கு ஒரு வைத்தியம், ஸ்டார்ட் ஆகாததற்கு வேறு வைத்தியம் என்று இரண்டு பில் போட்டார்கள். இரண்டும் தனித்தனி வியாதி என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

நம்பிக்கை உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹேண்டிலால். டிக்கியில் அப்பா வைத்திருந்த ஸ்டார்ட்டிங் ஹேண்டில் அப்படியே இருந்தது. முன் பம்பரில் உள்ள ஓட்டை வழியாக அதை விட்டு, கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுத்தேன். அப்பா சொல்லிக் கொடுத்த முறை. கட்டை விரலைச் சுற்றிப் பிடித்தால், என்ஜின் திருப்பி உதைக்கும்போது மணிக்கட்டு முறியும். மேலிருந்து கீழே அழுத்தினாலும் அதே ஆபத்துதான். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவது இழுப்பில் வண்டி பிடித்துக்கொண்டது.

செல்ஃப் அரை நிமிஷம் சுற்றியும் பிடிக்காத என்ஜின், என் கையால் இரண்டே இழுப்பில் பிடித்தது. மறுநாள் காலையும் செய்து பார்த்தேன். அதேதான். அப்படியென்றால் பெட்ரோல் வருகிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, பிளக்கில் பொறி வருகிறது. என்ஜின் டைட்டாக இருந்தால் ஹேண்டிலில் எனக்கே தெரிந்திருக்கும். செல்ஃப் வேலை செய்கிற அந்தச் சில வினாடிகளில் மட்டும் ஏதோ கெடுகிறது.

பீளமேட்டுப் பக்கம் பம்பு மோட்டார் வைண்டிங் செய்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை இருக்கும், ஆனால் கார் டைனமோவும் செல்ஃபும் பார்க்கிற கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. எழுபதைத் தாண்டியவர். ஹேண்டில் கதையைச் சொன்னேன். போகிற போக்கில் சோக் சுட்டதையும் சொன்னேன். கையிலிருந்த ஆர்மேச்சரைக் கீழே வைத்துவிட்டார்.

"சோக்கு சுட்டுதா? அம்மிணி, அத மொதல்ல சொல்லோணுமல்ல. வண்டியக் கொண்டாங்க. பேட்டரியக் கழட்டாமக் கொண்டாங்க."

கொண்டுபோனேன், ஹேண்டில் போட்டுத்தான். முதலில் அவர் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றினார், என்ஜின் பிடிக்காமல் சுற்ற மட்டும் வேண்டும் என்பதற்காக. பிறகு ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்து என்னிடமே கொடுத்தார்.

பேட்டரி முனைகளில் வைக்கச் சொன்னார். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். நிறைந்த பேட்டரிக்கு அதுதான் கணக்கு. "இது தூங்கறவனுக்கு நாடி பாக்கற மாதிரி. ஓடறப்பப் பாக்கோணும்" என்று சொல்லிச் செல்ஃப் அடித்தார். மீட்டர் 10.4-க்கு இறங்கி அங்கேயே நின்றது. செல்ஃப் இழுக்கும்போது பேட்டரி முனையில் 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். ஆகப் பேட்டரி நல்ல பேட்டரி. நான் தூக்கிக் கொடுத்த பழைய பேட்டரியும் அநேகமாக நல்ல பேட்டரிதான்.

அடுத்து ஒரு முனையைச் செல்ஃப் மோட்டாரின் டெர்மினலிலும் மறுமுனையை அதே மோட்டாரின் உடம்பிலும் வைத்தோம். செல்ஃப் அடித்ததும் 7.9. பேட்டரியிலிருந்து 10.4 கிளம்புகிறது, மோட்டாருக்கு 7.9 சேருகிறது. வழியில் 2.5 வோல்ட் காணவில்லை.

போகிற வழியா, திரும்புகிற வழியா? மின்சாரம் பேட்டரியிலிருந்து கேபிள் வழியாக மோட்டாருக்குப் போய், மோட்டார் உடம்பு, என்ஜின், பாடி வழியாகப் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். பாடத்தில் படித்ததுதான். ஆனால் வண்டியில் கோளாறு வந்தால் எல்லோரும் போகிற வழியை மட்டுமே பார்க்கிறோம். பேட்டரியின் மைனஸ் முனைக்கும் மோட்டார் டெர்மினலுக்கும் இடையில், செல்ஃப் இழுக்கும்போது 0.4 வோல்ட். இதற்கு அரை வோல்ட் வரை பொறுக்கலாம். பேட்டரியின் பிளஸ் முனைக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையில் 2.1. இங்கே 0.2-க்கு மேல் இருக்கவே கூடாது. அதையும் இரண்டாகப் பிரித்தோம். பேட்டரியிலிருந்து பாடி வரை 0.1. பாடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் 2.0.

என்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் என்ஜினையும் பாடியையும் சேர்க்க, பின்னிய செம்புக் கம்பிப் பட்டை ஒன்று போட்டிருப்பார்கள். எர்த்து பட்டை. பெரியவர் டார்ச் அடித்துக் கீழே படுத்தார், நானும் படுத்தேன். பட்டை இருந்தது. எண்ணெயும் மண்ணும் ஏறிக் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்து, பாதிக் கம்பிகள் அறுந்து தொங்கின. அது போதாதென்று, பாடியில் அது சேருகிற இடத்தில் பிரைமரும் பெயிண்டும் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். என்ஜினை இறக்கி ஏற்றியபோது நடந்திருக்க வேண்டும். பெயிண்ட் அடித்தவர் அழகாகத்தான் அடித்திருக்கிறார், ஒரு இஞ்ச் விடாமல்.

சரியான வழி அடைபட்டதும் மின்சாரம் வேறு வழி தேடியிருக்கிறது. என்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டு இருக்கிற இரும்பு எது? கார்புரேட்டரிலிருந்து டேஷ்போர்டுக்கு வருகிற சோக் கம்பி. ஸ்பீடோமீட்டர் கேபிளும் அப்படித்தான். நூறு ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டிய பாதையில் ஒரு பங்கு, சைக்கிள் பிரேக் கம்பி பருமன்கூட இல்லாத ஒன்றின் வழியாகப் போயிருக்கிறது. சுடாமல் என்ன செய்யும்? உறை உருகிப் புகைந்து, தீப்பிடிக்கிற வரைக்கும் இது போகும் என்றார் பெரியவர். அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பின்சீட்டில் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு பல முறை அந்தச் செல்ஃபை அடித்திருக்கிறேன்.

முன்பு ஒரு பட்டறையில் இந்தப் பட்டையைச் சோதித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மீட்டரைப் பீப் அடிக்கிற நிலையில் வைத்து, 'பீப் வருதுங்க, எர்த்து ஓகே' என்றார்கள். பீப் வரத்தான் செய்யும். ஒற்றை இழை மிச்சம் இருந்தாலும் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு வோல்ட்டை விழுங்கும் தடை 0.013 ஓம்தான். கையடக்க மீட்டரின் ஓம் அளவில் அது பூஜ்யமாகவே தெரியும். மீட்டர் அனுப்பும் துளி மின்சாரத்துக்கு அந்த ஒற்றை இழையே நெடுஞ்சாலை. 150 ஆம்பியருக்கு அது ஒற்றையடிப் பாதை. அதனால்தான் பெரியவர் நின்ற ஒயரில் ஓம் பார்க்காமல், சுமை ஓடும்போது வோல்ட் பார்த்தார். இரண்டு வோல்ட்டை 150 ஆம்பியரால் பெருக்கினால் 300 வாட். மோட்டாருக்குப் போக வேண்டிய அவ்வளவும் அந்தப் பட்டையிலும் சோக் கம்பியிலும் சூடாகப் போயிருக்கிறது.

ஹேண்டிலுக்கு மட்டும் ஏன் பிடித்தது என்பதும் இதிலேயே வந்துவிட்டது. பொறிக்கான மின்சாரமும் இதே என்ஜின் உடம்பு வழியாகத்தான் திரும்புகிறது. செல்ஃப் இழுக்கும்போது பேட்டரி முனையில் 10.4, அதில் எர்த்து 2.1-ஐத் தின்றுவிட்டால் காயிலுக்கு மிச்சம் எட்டேகால் வோல்ட். அதை வைத்து, குளிர்ந்த சிலிண்டருக்குள் நல்ல பொறி எடுக்க முடியாது. மெதுவாகச் சுற்றும் என்ஜின் காற்றையும் மந்தமாகத்தான் இழுக்கும், பெட்ரோல் சரியாகக் கலக்காது. ஹேண்டில் போடும்போது செல்ஃப் சும்மா கிடக்கிறது. காயிலுக்கு வேண்டிய சில ஆம்பியரை அந்த அறுந்த பட்டையே தாராளமாகக் கடத்திவிடும். காயிலுக்கு முழுப் பன்னிரண்டு வோல்ட். இரண்டு பில் போட்ட இரண்டு வியாதியும் ஒரே பட்டை.

புதுப் பட்டைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை, பெரியவரிடமே இருந்தது. வேலை முழுக்கப் பட்டை உட்காரும் இடத்தில்தான். முதலில் பேட்டரியின் எர்த்து முனையைக் கழற்றி வைத்தார். இரண்டு பக்கமும் பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, வெள்ளி மாதிரி இரும்பு தெரிகிற வரை தேய்க்கச் சொன்னார். பல்லு வைத்த வாஷர் போட்டு முறுக்கினோம். முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினோம், மறுபடி துருவேறாமல் இருக்க. பேட்டரி முனைகளுக்கும் அப்படியே. பேட்டரி கேபிளையும் பார்த்தார். கடையில் இப்போது விற்கும் சில கேபிள்கள் வெளியே தடியாக இருக்கும், வெட்டினால் உள்ளே செம்பு சுண்டுவிரல் நகம்கூட இருக்காது. எங்களுடையது பழைய கேபிள், நல்ல செம்பு. மாற்ற விடவில்லை.

மறுபடி அளந்தோம். மோட்டார் முனையில் 9.8. செல்ஃப் அடித்தபோது அந்தத் தாளம் திரும்பி வந்திருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலையில் விறுவிறுவென்று சுற்றிய செல்ஃப், பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சூட்டோடு அடித்தால் மறுபடியும் முனகியது. இந்தத் தடவை நான் பேட்டரிக் கடைக்குப் போகவில்லை. மீட்டரை வைத்தேன். வழியில் இழப்பு இல்லை, ஆனால் பேட்டரி முனையிலேயே வோல்ட் அதிகமாக இறங்கியது. மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. இரண்டு போல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். உடம்பில் 'லூகாஸ் டிவிஎஸ்' என்ற எழுத்து இன்னும் படிக்கிற நிலையில் இருக்கிறது. சென்னை பாடியில் செய்த சரக்கு.

பிரித்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. தண்டு உட்காருகிற வெண்கலப் புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றியிருக்கும் காந்தத் துண்டுகளை உரசியிருக்கிறது. உரசிய இடம் கண்ணாடி மாதிரி மின்னியது. சூடானதும் உரசல் கூடுகிறது. புதுப் புஷ்ஷை உடனே அடித்து ஏற்றிவிடக் கூடாது. அது நுண்ணிய துளை உள்ள வெண்கலம். ஒரு நாள் முழுக்க என்ஜின் ஆயிலில் ஊற வைத்தால்தான் எண்ணெயைக் குடித்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். பெரியவர் கடையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் எப்போதும் நாலைந்து புஷ் ஊறிக்கொண்டிருக்கும்.

கம்யூட்டேட்டரைக் கண்ணாடித் தூள் ஒட்டிய நைஸ் தாளால்தான் துடைத்தார். எமரி தாளைத் தொடவிடவில்லை, அதன் தூள் செம்பில் பதிந்து, மேலே உரசும் கார்பன் பிரஷ்ஷை அரித்துவிடுமாம். டைனமோவில் செம்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவைக் கீறிப் பள்ளமாக்குவார்கள், இந்தச் செல்ஃபில் அப்படிச் செய்யக் கூடாது. கார்பன் நாலும் புதிது. ஃப்ளைவீலில் போய்க் கடிக்கும் பெண்டிக்ஸ் பல்லை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு அப்படியே மாட்டினார். எண்ணெய் விட்டால் கிளட்ச் தூசி ஒட்டிக்கொண்டு பல் சிக்கிவிடும். இந்த இடத்தில் நான் கிரீஸ் டப்பாவை எடுத்து நீட்டி, கையில் ஒரு தட்டு வாங்கினேன்.

இந்தச் செல்ஃப் என்ற யோசனையே எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1912 மாடல் காடிலாக்கில்தான் சார்லஸ் கெட்டரிங் செய்த மின் ஸ்டார்ட்டர் வந்தது. அவ்வளவு பெரிய என்ஜினைச் சுற்றவைக்க வண்டியில் ஏற்ற முடியாத அளவு பெரிய மோட்டார் வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கெட்டரிங் யோசித்தது வேறு மாதிரி: சில வினாடிதானே வேலை, சின்ன மோட்டாரையே அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம், சூடாவதற்குள் நிறுத்திவிடலாம். அதனால்தான் செல்ஃபைப் பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்கக் கூடாது, நடுவில் அரை நிமிஷமாவது ஆறவிட வேண்டும். நான் அந்த மூன்று மாதமும் அதைப் போட்டு வதைத்திருக்கிறேன்.

மிச்சமிருந்த சில்லறைக் கோளாறுகளில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வண்டி வைத்திருக்கும் பலர் வீட்டில் இது இருக்கும். புதிதாக மாட்டிய இக்னிஷன் காயிலில் பிளஸ், மைனஸ் குறி இருந்தது. மாட்டியவர் இந்தக் கால வண்டி நினைப்பில், சாவியிலிருந்து வரும் ஒயரைப் பிளஸ்ஸில் கொடுத்திருக்கிறார். பாசிட்டிவ் எர்த்து வண்டியில் அது தலைகீழ். சாவி ஒயர் மைனஸுக்கு வர வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் பிளஸ்ஸுக்கு. மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடும், அதனால் யாருக்கும் தெரியாது. ஆனால் பிளக்கின் நடுமுனை மைனஸாக இருந்தால்தான் பொறி சுலபமாகத் தாண்டும். இல்லாவிட்டால் அதே பொறிக்குக் கூடுதல் வோல்ட் வேண்டும். ஒயர் இரண்டையும் இடம் மாற்ற இரண்டு நிமிஷம் ஆனது. பாயிண்ட் இடைவெளியை 15 தௌவுக்கு வைத்தோம், பிளக் 25 தௌ. தௌ என்றால் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பெட்ரோலும் ஒரு காரணம். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிவிடும். அது நிறையும் வரை செல்ஃப் அடிப்பது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் வீண் தண்டனை. எங்கள் வண்டியின் பெட்ரோல் பம்பில் கையால் அடிக்கிற சின்ன நெம்புகோல் இருக்கிறது. பானட்டைத் திறந்து பத்துப் பதினைந்து தடவை அடித்துவிட்டுத்தான் இப்போது சாவியைத் தொடுகிறேன். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை இளக்கிவிடுகிறது என்பதால் ஹோஸ்களையும் மாற்றிவிட்டேன். டைனமோ வண்டி ஐடிலில் ஓடும்போது சார்ஜ் ஏறாது, அதனால் மாதம் ஒரு முறை நெடுந்தூரம் ஓட்டுகிறேன்.

போன மாதம் அப்படித்தான் பெரியவரையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலை ஏறினேன். வேலைக்குக் கூலி வாங்கினார், பட்டைக்குக் காசு வாங்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பயணம் என்று வைத்துக்கொண்டேன். பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தினோம். என்ஜின் கொதிக்கக் கொதிக்க நின்றது. முன்பு என்றால் சரிவு பார்த்து நிறுத்தியிருப்பேன், தள்ளிவிட ஆள் இருக்கிறதா என்று கண் தேடியிருக்கும். சமதளத்தில், கடைக்கு நேர் எதிரே நிறுத்தினேன்.

டீயை முடித்துவிட்டு ஏறி சாவியைப் போட்டேன். முதல் அடியிலேயே பிடித்தது. கியரில் கை வைத்தேன். பக்கத்து சீட்டிலிருந்து பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆஃப் பண்ணுங்க அம்மிணி" என்றார். "இன்னொருக்கா அடிங்க. கேக்கலாம்."